பரந்தன் நெல்லைத் தேடினால் யாழ்ப்பாணத்தில் கிடக்கும்: உயிரியல் தரவுத்தளங்களும் வன்னியின் விதைகளும்

1975இல் ஒரு சேகரிப்பாளர் பரந்தன் வயலொன்றில் ஒரு பிடி நெல்லை எடுத்து உறையிலிட்டிருந்தால், மாவட்டம் என்ற இடத்தில் அவர் எழுதியிருக்கக்கூடிய பெயர் யாழ்ப்பாணம். பரந்தன் இன்று இருக்கும் கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். முல்லைத்தீவு 1978இல், அதற்கு முன் அந்தப் பகுதியின் பெரும்பங்கு வவுனியா மாவட்டத்துக்குள் இருந்தது. இன்னும் சற்றுப் பின்னே போனால் நாட்டின் பெயரே வேறு. 1972 வரை உறைகளில் இருப்பது சிலோன்.

அறிவியல் நகரிலுள்ள யாழ். பல்கலைக்கழக விவசாய பீடத்து மாணவி ஒருத்தி, ஒரு சர்வதேச விதை வங்கியின் தேடுபெட்டியில் ‘கிளிநொச்சி’ என்று தட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மாவட்டப் பெயரை மட்டும் குறித்து வைத்த 1984க்கு முந்திய விதை எதுவும் அந்தப் பெயரில் அகப்படாது. விதை குளிர் அறையில் பத்திரமாக இருக்கும், அதன் பதிவும் இருக்கும். இவளுடைய கேள்விக்கும் அந்தப் பதிவுக்கும் இடையே பாதை இல்லை, அவ்வளவுதான். அந்தப் பாதையைப் போடும் வேலைதான் தரவுகளைச் செப்பனிட்டுத் தொகுப்பதும் இணைப்பதும். உயிரியல் ஆய்வில் கணினிக்குக் கிடைக்கும் புகழில் பாதிகூட இந்த வேலைக்குக் கிடைப்பதில்லை. அந்தப் பாதை வன்னியில் எங்கெங்கே அறுந்து கிடக்கிறது என்று காட்ட நெல் ஒன்றே போதும்.

முதலில் களஞ்சியங்களைப் பற்றிச் சுருக்கமாக. புரத வரிசைகளைத் தேடித் தொகுத்து நூலாக்கிய முன்னோடி அமெரிக்காவின் மார்கரெட் டேஹொஃப். 1965இல் வந்த அவருடைய முதல் தொகுப்பில் இருந்தவை 65 புரதங்கள். 1982இல் டிஎன்ஏ வரிசைகளுக்கான ஜீன்பாங்க் தொடங்கியது. இன்று அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய மூன்று இடத்து நிலையங்களும் தமக்கு வரும் டிஎன்ஏ வரிசைகளை நாள்தோறும் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றில் இட்டது மூன்றிலும் இருக்கும். இட்டவுடன் ஒரு சேர்க்கை எண் கிடைக்கும். அந்த எண் மாறாது, ஆய்வுக் கட்டுரைகள் அதையே சுட்டும்.

ஆனால் இவை களஞ்சியங்கள் மட்டுமே. இட்டவர் என்ன எழுதினாரோ அதுதான் பதிவு. இனப்பெயர் பிழை என்று வேறொருவர் கண்டாலும் அவரால் கைவைக்க முடியாது. இட்டவர் இணங்கித் திருத்த வேண்டும். பொதுத் தரவுத்தளங்களிலுள்ள பங்கசு வரிசைகளில் ஐந்தில் ஒன்று வரை தப்பான இனப்பெயரோடு இருக்கலாம் என்று 2006இல் வந்த ஓர் ஆய்வு கணித்தது. நெல்லில் வந்த நோயைக் கண்டறிய வரிசையைக் கொடுத்துத் தேடுகிற மாணவருக்கு முதலில் வந்து விழும் பெயர் அந்த ஐந்தில் ஒன்றாக இருந்தால், அவருடைய அறிக்கை முழுவதும் வேறு நோயைப் பற்றியதாகிவிடும்.

இதற்கு மறுகோடியில் நிற்பது சுவிஸ்-புரொட் என்ற புரதத் தரவுத்தளம். ஜெனீவாவில் அமோஸ் பைரோக் 1986இல் தொடங்கியது. அங்கே ஆட்கள் அமர்ந்து கட்டுரைகளை வாசிக்கிறார்கள். ஒரு புரதம் என்ன செய்கிறது, எந்தச் சோதனை அதைக் காட்டியது, எந்த உயிரினத்தில் என்று ஒவ்வொன்றாகக் குறிக்கிறார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்தும் அவர்கள் கையால் தொட்ட பதிவுகள் 6 இலட்சத்தை எட்டவில்லை. பக்கத்திலேயே கணினி தானாக எழுதி வைத்த பதிவுகள் கோடிக்கணக்கில் கிடக்கின்றன. இரண்டும் ஒரே யூனிபுரொட் தளத்தில் இருப்பதால், அவசரத்தில் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. சற்று நின்று, இந்தத் தகவலுக்கு ஆதாரம் சோதனையா, வரிசை ஒத்திருக்கிறது என்ற ஊகமா என்று சொல்லும் சிறு குறியைப் பார்க்க வேண்டும். பார்க்காமல் எடுத்தவரின் முடிவை இன்னொரு தளம் எடுக்கும், அதை மூன்றாவது தளம் எடுக்கும். சந்தையில் கிளம்பிய வதந்தி நாலு வாய் சுற்றித் தொடங்கியவரின் காதுக்கே வந்து சேர, ‘ஊரே சொல்லுது’ என்று அவரும் நம்புவது போலத்தான். மூன்று தளங்கள் ஒரே விடயத்தைச் சொன்னால் அது மூன்று சான்று ஆகிவிடாது.

இனி இணைப்பு. பசுமைப் புரட்சியின் குட்டை நெல்லுக்குக் காரணமான மரபணுவை எடுங்கள். பயிர் விருத்தியாளர்கள் அதை எஸ்டி1 என்று அழைத்தார்கள், குட்டைத்தன்மை என்ற பொருளில். 2002இல் அது உண்மையில் என்ன என்று தெரிந்தபோது, செடியை வளரச் செய்யும் ஜிபரலின் ஓமோனைத் தயாரிக்கும் நொதிகளில் ஒன்றின் மரபணு என்று புரிந்தது. உடனே நொதியின் பெயரால் இன்னொரு பெயர். 2005இல் நிப்பொன்பாரே என்ற ஜப்பானிய நெல்லின் மரபணுத்தொகை முழுதாக வாசிக்கப்பட்ட பிறகு, ஜப்பானியக் குழு ஒரு முறையிலும் அமெரிக்கக் குழு இன்னொரு முறையிலும் மரபணுக்களுக்கு எண் கொடுத்தன. எஸ்டி1க்கு அங்கே இரண்டு எண்கள். அது தயாரிக்கும் புரதத்துக்கு யூனிபுரொட்டில் வேறொன்று. ஒரே பொருளுக்கு ஐந்து பெயர். இவற்றை மாற்றித் தரும் அட்டவணைகள் உண்டு, ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்று எல்லாம் பொருந்துவதில்லை. ஒரு குழு ஒரே மரபணு என்று கண்டதை மற்றக் குழு இரண்டாகப் பிரித்திருக்கும். ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லாமலேயே போயிருக்கும். அமெரிக்க எண்முறையின் கடைசிப் பதிப்பு 2010களின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. ஆனாலும் பழைய கட்டுரைகள் நிறைய அந்த எண்ணில்தான் பேசுகின்றன, ஆகவே அது சாகவும் மாட்டாது.

போகிற போக்கில் ஒன்று: எக்செல் விரிதாளில் மனித மரபணுப் பெயர்களை இட்டால், செப்டெம்பர், மார்ச் என்ற மாதப் பெயர்களின் சுருக்கம் போலத் தோன்றுபவற்றை அது தானாகத் திகதியாக மாற்றிவிடும். மரபணுப் பட்டியலை எக்செலில் இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் கண்டார்கள். மென்பொருள் திருந்தும் வரை காத்திருக்காமல் 2020இல் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டது. உலக விஞ்ஞானம் ஒரு விரிதாளுக்கு வழிவிட்ட கதை அது. நம் ஊர் அலுவலகங்களில் எல்லாம் எக்செல் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

வன்னிக்கு வருவோம். 2018 டிசம்பர் பிற்பகுதியில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சி, முல்லைத்தீவு வயல்கள் தண்ணீருக்குள் போயின. காலபோக நெல் அப்போது இளம் பருவத்தில் நின்றது. நீரில் மூழ்கிய நெல் பொதுவாக மேலே எழும்பப் பார்க்கும். தண்டை நீட்டி நீட்டிச் சேமித்து வைத்த மாச்சத்தைச் செலவழித்து, வெள்ளம் வடியும்போது ஓய்ந்து விழும். சில பாரம்பரிய நெல்கள் வேறு விதம். வளர்ச்சியை நிறுத்தி அடங்கிக் கிடந்து, இரண்டு கிழமை அளவுக்குத் தாக்குப்பிடித்து, தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். அதற்குக் காரணமான சப்1ஏ என்ற மரபணுவை 2006இல் பமெலா றொனால்ட், டேவிட் மக்கில் முதலியோர் அடையாளம் கண்டார்கள். ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ என்ற நெல்லிலிருந்து அது கிடைத்தது. அந்த மரபணுவைச் சேர்த்த ஸ்வர்ணா-சப்1 என்ற நெல் 2009இல் இந்தியாவில் வெளியானது.

இந்தக் கதையில் நமக்கு நேரே பொருந்தும் இரண்டு விடயங்கள் உண்டு. முதலாவது, நிப்பொன்பாரேயில் சப்1ஏ கிடையாது. அதன் பக்கத்துச் சகோதர மரபணுக்கள் இரண்டும் உண்டு, இது மட்டும் இல்லை. உலகம் முழுவதும் நெல்லின் அளவுகோலாக வைத்திருக்கும் மரபணுத்தொகையில் அது இல்லாததால், அந்த அளவுகோலில் மட்டும் தேடுபவருக்கு அப்படி ஒரு மரபணு இருப்பதே தெரியாது. மேலே சொன்ன இரண்டு எண்முறைகளும் நிப்பொன்பாரேக்குத்தான். ஆகவே சப்1ஏக்கு அவற்றில் இடமில்லை. வெள்ளத்தில் நின்ற நெல்லின் விடை, தரவுத்தளத்தின் மைய அட்டவணைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருக்கிறது. வயலில் நமக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் இப்படி ஓரத்தில்தான் இருக்கும் என்பது என் எண்ணம், ஏனென்றால் அளவுகோலாகத் தெரிவான நெல் வெள்ளத்துக்கோ உவருக்கோ பெயர் போனதல்ல.

இரண்டாவது, வெள்ளம் தாங்கும் நெல்களாகப் பயிர்விருத்தி இலக்கியத்தில் எஃப்ஆர்13ஏயோடு சேர்த்துப் பேசப்படும் மூன்று இலங்கையிலிருந்து போனவை. இரண்டின் பெயர்கள் கொட ஹீனட்டி, தவலு. மூன்றாவதின் பெயரை ஆங்கில எழுத்தில் படிப்பவருக்குக் கிடைப்பது ஏதோ ஒரு கறுப்பன். கூர்க்கறுப்பனா, குறுக்கறுப்பனா, குருக்கறுப்பனா? ஆங்கில எழுத்து அதைச் சொல்லாது. தமிழ் பேசும் ஒரு கமக்காரர் வைத்த பெயர் என்று காது சொல்கிறது. எந்த ஊர் என்பதைக் கண்டுபிடிக்கும் முதல் திறவுகோல் அந்தப் பெயர், அதுவே பாதியில் உடைந்து கிடக்கிறது.

இந்தக் கறுப்பனின் உறவுக்காரர் யாராவது இன்று வன்னி வயல்களில் நிற்கிறார்களா என்று அந்த மாணவி கேட்டால், குறைந்தது நாலு இடத்துத் தரவுகளைக் கோக்க வேண்டும். விதை எங்கே, எப்போது, யாரால் எடுக்கப்பட்டது என்ற விவரம் விதை வங்கியில். அதற்குக் கடவுச்சீட்டுத் தரவு என்றே பெயர், நல்ல பெயர். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலும், கண்டிக்கு அருகே கன்னொறுவையில் 1988இல் ஜப்பானிய உதவியுடன் தொடங்கிய தாவர மரபுவள நிலையத்திலும் அப்படிப் பதிவுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தன் எண்ணில். விதையை மூழ்கடித்துப் பார்த்த சோதனையின் முடிவு வேறோரிடத்தில். டிஎன்ஏ வரிசை மூன்றாவது இடத்தில்: 2014இல் 89 நாடுகளின் 3,000 நெல்களை வாசித்து வெளியிட்ட திட்டம் போன்றவற்றில். மரபணு என்ன செய்கிறது என்பது நாலாவது இடத்தில். இங்கே நுட்பமான ஒரு கண்ணி இருக்கிறது. வங்கியில் இருக்கும் பாரம்பரிய நெல் ஒரே சீரான ஒன்றல்ல, ஒரு உறைக்குள்ளேயே கலப்பு உண்டு. வரிசை வாசிப்பதற்கு அதில் ஒரு மணியை எடுத்து வளர்த்து, அதன் வழிவந்ததைப் பயன்படுத்துவார்கள். பெயர் அதே பெயர். ஆனால் இருபது ஆண்டுக்கு முன் தண்ணீரில் மூழ்க வைத்த செடி அந்த மணியின் வழியில் வந்ததல்ல. பெயரைக் கொண்டு இரண்டையும் ஒட்டினால் கணினி மறுக்காமல் ஒட்டித் தரும். எண்ணைக் கொண்டு ஒட்ட முயன்றால்தான் இடைவெளி தெரியும். இரண்டு எண்ணும் தனித்தனியே இருந்து, ‘இது அதிலிருந்து வந்தது’ என்ற இணைப்பும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பெயரை நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு மொட்டைக்கறுப்பனை விட நல்ல உதாரணம் கிடையாது. பூநகரி மொட்டைக்கறுப்பன் என்றால் வடக்கில் தெரியாதவர் இல்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் ‘ட்ட’வுக்கு இரண்டு ‘டி’ போடுவார், இன்னொருவர் இரண்டு ‘ரி’ போடுவார், நடுவிலுள்ள ‘க்’கை விடுவார் சிலர், கறுப்பனைக் கருப்பனாக்குவார் பலர், ஒரு சொல்லாகவும் இரண்டு சொல்லாகவும் வரும். கணினிக்கு இவை எல்லாம் வெவ்வேறு நெல். மறுபக்கம், வெவ்வேறு ஊரில் வெவ்வேறு நெல் ஒரே பெயரில் இருப்பதும் உண்டு. ஆகவே எழுத்தைச் சீராக்கி எல்லாவற்றையும் ஒரே பெயரில் போட்டு மூடினால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் ஆபத்து. செப்பனிடுபவர் செய்ய வேண்டியது, உறையில் இருந்த பழைய எழுத்தை அப்படியே அட்டவணையின் ஒரு பத்தியில் வைத்து, தமிழ் எழுத்தில் உரிய பெயரை இன்னொரு பத்தியில் வைத்து, ‘இரண்டும் ஒன்று என்று நான் கருதுகிறேன், காரணம் இது’ என்று மூன்றாவதில் எழுதுவது. பழையதை அழிக்கவே கூடாது. நாளைக்கு அவர் கருதியது பிழை என்று தெரிந்தால் திரும்பிப் போக வேறு வழி இருக்காது.

பருவமும் இப்படித்தான் கழுத்தறுக்கும். காலபோகம் ஒக்டோபரில் விதைத்து அடுத்த ஆண்டு மாசி வாக்கில் வெட்டுவது. உலகத் தரவுத்தளம் ‘ஆண்டு’ என்று ஒரு கட்டம்தான் தரும். ஒருவர் விதைத்த ஆண்டைப் போடுவார், இன்னொருவர் வெட்டிய ஆண்டைப் போடுவார். மழைத் தரவோடு சேர்த்துப் பார்க்கும்போது வெள்ளம் வந்த ஆண்டு ஒன்று, நெல் மூழ்கிய ஆண்டு வேறொன்று என்று வரும். விளைச்சலுக்குக் கமக்காரர் சொல்வது ஏக்கருக்கு இத்தனை மூடை. மூடை எத்தனை கிலோ என்று கேட்காமல் எழுதினால் அந்த எண்ணால் பயனில்லை. புசல் என்றால் ஓரளவு தப்பலாம்: இலங்கையில் ஒரு புசல் நெல் 46 இறாத்தல், ஏறத்தாழ 20.9 கிலோ, ஏக்கருக்கு 100 புசல் என்றால் ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 5.2 தொன். அதுவும் நெல்லின் ஈரப்பதன் தெரிந்தால்தான் ஒப்பிடலாம். ஆய்வுகளில் வழக்கமாக 14 சதவீதத்துக்குச் சரிப்படுத்துவார்கள், களத்தில் ஈரநெல்லாகவே நிறுப்பார்கள். உவர் தாங்கும் தன்மைக்குச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் அளவுமுறையில் 1 என்றால் நன்றாகத் தாங்கும், 9 என்றால் செத்துப்போகும். அளவுமுறையின் பெயரைக் குறிக்காமல் எண்ணை மட்டும் பார்ப்பவர், 9 எடுத்த நெல்தான் சிறந்தது என்று பூநகரியின் கடலோர வயலுக்குச் சிபாரிசு செய்துவிடக்கூடும்.

இடக்குறிப்பில் வரும் தவறு எல்லாவற்றிலும் வேடிக்கையானது. கிளிநொச்சி ஏறத்தாழ வடக்கு 9.4 பாகை, கிழக்கு 80.4 பாகை. இரண்டு எண்ணையும் இடம் மாற்றி எழுதினால் நம் நெல் வட துருவப் பக்கம், ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தை ஒட்டிய கடலில் விளையும். உலக விதைகளின் காப்புப் பிரதிகளைப் பனிமலைக்குள் வைத்திருக்கும் பெட்டகம் இருப்பதும் அதே தீவுக்கூட்டத்தில்தான், 2008இலிருந்து. ஆக அந்தப் பிழையைக் கண்டு நம்மை விடக் கூடுதலாகச் சிரிப்பவர்கள் அங்கே இருப்பார்கள்.

போர் இவை எல்லாவற்றின் மேலும் இன்னொரு அடுக்கைப் போட்டிருக்கிறது. 2008இலும் 2009இலும் மக்கள் மேற்கிலிருந்து கிழக்கே இடம்பெயர்ந்து போனபோது விதைநெல்லும் அடையாள அட்டையும் குறிப்புக் கொப்பியும் ஒன்றாகவே தொலைந்து போயின. மீளக்குடியேறியவர்கள் கிடைத்த விதையை விதைத்தார்கள். ஆகவே இன்று ஒரு வயலில் மொட்டைக்கறுப்பன் நிற்கிறது என்றால், அது அந்த ஊரின் பழைய வழித்தோன்றலா, வெளியிலிருந்து திரும்பி வந்ததா என்பதை விதை சொல்லாது. விதை எங்கிருந்து வந்தது என்று கேட்டுத்தான் எழுத வேண்டும். சர்வதேசப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் உண்டு: வயலில் எடுத்ததா, சந்தையில் வாங்கியதா, வேறு நிலையம் தந்ததா என்று. பெரும்பாலும் வெறுமையாக விடப்படும் கட்டம் அது. வன்னியில் எடுக்கும் விதைக்கு அதுதான் முதலில் நிரப்ப வேண்டியது.

‘வன்னி உயிரியல் தரவுத்தளம்’ என்று ஒரு புதிய இணையத்தளம் தொடங்கலாமே என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு உடன்பாடில்லை. திட்டப் பணம் முடியும் நாளில் தளம் படுத்துவிடும். பெரியவர்களுக்கே அந்தக் கதிதான்: 1996இல் சுவிஸ்-புரொட் பணமில்லாமல் மூடும் நிலைக்கு வந்தது, தாவர ஆய்வுக்கூடங்களின் மாதிரிச் செடியான அரபிடொப்சிஸுக்குரிய பெயர் பெற்ற தரவுத்தளம் 2013இல் அரச நிதியை இழந்து சந்தா முறைக்குப் போனது. அவற்றுக்கு உலகமே வாடிக்கையாளர். நாம் செய்ய வேண்டியது, இருக்கிற தளங்களில் நம் பதிவு ஒழுங்காக நிற்கும்படி பார்ப்பது. விதை உறைக்கு நிரந்தர எண் தரும் ஏற்பாடு தாவர மரபுவள ஒப்பந்தத்தின் கீழ் 2017இலிருந்து இருக்கிறது. அந்த எண்ணைச் சோதனை முடிவிலும் டிஎன்ஏ பதிவிலும் ஆய்வேட்டிலும் எழுதினால் பாதி வேலை முடிந்தது. மாவட்டத்தின் இன்றைய பெயரோடு பழைய பெயரும், கிராம அலுவலர் பிரிவும், தமிழில் நெல்லின் பெயரும் மறு பாதி. பரந்தன் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் களப்பரிசோதனையிலும் பீடத்து மாணவரின் இறுதியாண்டுச் செயற்றிட்டத்திலும் இதை நாளைக்கே தொடங்கலாம், புதிய மென்பொருள் ஒன்றும் வேண்டாம்.

இதில் காசும் இருக்கிறது. மரபணு வரிசைகளைப் பயன்படுத்தி இலாபம் பெறும் நிறுவனங்கள் பங்கு செலுத்துவதற்கென்று 2025 பெப்ரவரியில் காலி நிதியம் தொடங்கியது. (நம் காலி அல்ல, கொலம்பியாவின் காலி. இடப்பெயரைப் பாகையோடு எழுத வேண்டும் என்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை.) பணம் தருவது நிறுவனங்களின் விருப்பத்தைப் பொறுத்தது என்பதால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் வருவதில் பாதியாவது பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போக வேண்டும் என்பது ஏற்பாடு. பதிவில் ‘இலங்கை’ என்று மட்டும் இருந்தால் எந்தச் சமூகம் என்று எவரும் கேட்கவும் முடியாது, சொல்லவும் முடியாது.

அப்படியென்றால் கமக்காரரின் பெயரையும் வயலின் துல்லியமான இடத்தையும் உலகுக்கே திறந்து வைத்துவிடலாமா? வன்னியில் அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். காணிப் பிணக்குகளும் பதிவுகளைப் பற்றிய பயமும் இன்னும் தீராத இடம் இது; நல்ல நோக்கத்தோடு எடுத்த பட்டியலும் யார் கைக்குப் போகும் என்று சனம் யோசிக்கும், யோசிக்க உரிமை உண்டு. பாகையை இரண்டு தசமத்தோடு நிறுத்தினால் இடம் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றருக்குள் தெரியும். மழைக்கும் மண்ணுக்கும் அது போதும், வீட்டு வாசலைக் காட்டாது. திறந்த பதிவில் ஒரு குறியெண் மட்டும் இருக்கட்டும். குறியெண்ணுக்கு உரியவரின் பெயரும் அவர் தந்த சம்மதமும் உள்ள கொப்பி ஒன்று கமக்கார அமைப்பிடமும், அதன் பிரதி பீடத்திலும் பூட்டில் இருக்கட்டும். ஒருவர் தன் விதையைப் பற்றிய பதிவை விலக்கச் சொன்னால் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பதையும் விதை வாங்கும் அன்றைக்கே அவரிடம் தமிழில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.